நாலு மணி விசிலை நிறுத்துங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தனியார் உறைவிடப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே, உங்களில் ஒருவரின் பள்ளியில் இருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. விடுமுறை முடிந்து பிளஸ் டூ பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பும் நாளில் இருந்து இரவு ஸ்டடி 11.30 வரை நடக்கும். காலை 4 மணிக்கு விசில். ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். பொதுத்தேர்வு முடியும் வரை இதில் மாற்றம் இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: இதற்கு உடன்படாத பெற்றோர் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், 'நன்றி சார்', 'மிக்க நன்றி சார்'. என் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். நான் நன்றி போடவில்லை. பள்ளியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது உங்களில் பல பேருடைய அட்டவணைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11.30-க்குப் புத்தகத்தை மூடிவிட்டு, கழிப்பறை வரிசையில் நின்று, பாய் விரித்துப் படுக்க 12 ஆகிவிடும். 4 மணி விசில் என்றால் அதற்குக் கால் மணி நேரம் முன்பே வார்டன் கதவைத் தட்ட ஆரம்பிப்பார் என்பது விடுதியில் பிள்ளையை விட்டிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆக, 4 மணி நேரம்கூட முழுசாகத் தேறாது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல், அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்துச் சொன்னது. நீங்கள் கொடுக்கப்போவது அதில் பாதிகூட இல்லை. 'அதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைங்களுக்கும்மா' என்று பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஓர் ஆசிரியர் சிரித்தார். பாலக்கோட்டுப் பிள்ளைக்கும் அதே மூளைதான் சார்.

நான் சொகுசு பார்த்துப் பேசுகிறவள் இல்லை. அரசு மருத்துவமனையில் செவிலியர். நைட் டியூட்டி பார்த்துப் பார்த்துத்தான் வயது ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் தக்காளி விவசாயி. கூடைகளை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே மண்டிக்குப் போகிறவர். கண் விழிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிது கிடையாது. ஆனால் நைட் டியூட்டி முடித்த எனக்கு நைட் ஆஃப் என்று ஒன்று உண்டு. மண்டியில் இருந்து வந்தவர் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை திண்ணையில் படுப்பார், யாரும் எழுப்ப மாட்டோம். விடிய விடிய தெருக்கூத்து பார்த்த ஊர்கள்தான் நம்முடையவை. அப்படிப் பார்த்தால் மறுநாள் பகலெல்லாம் ஊரே தூங்கும். விழித்ததற்கு ஈடாகத் தூங்கிக்கொள்ளும் வழி எல்லோருக்கும் இருக்கிறது, உங்கள் விடுதிப் பிள்ளையைத் தவிர.

புதிய அட்டவணை வருவதற்கு முன்பே, இப்போதே அந்தப் பிள்ளைகள் எப்படி விழித்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? என் மகளும் அவள் தோழிகளும் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். அந்த எரிச்சலில் கொஞ்ச நேரம் கண் மூடாது. சின்ன பாக்கெட் காப்பித் தூளைப் பிரித்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார்கள். தூங்கி விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும், நின்றும் தூங்கினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும், அதற்கும் மேலே போனால் முகத்தில் தண்ணீர். மார்கழி மாதத்தில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விடுதிகளில், விடியற்காலையில் முகத்தில் தண்ணீர். கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே தாழ் போட்டு, சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் தூங்கிவிட்டு வருவதற்கு அவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். வெளியே ஒருத்தி காவல். பதினேழு வயதுப் பெண் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு தூங்குகிறாள் என்று கேட்டபோது எனக்கு வந்தது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் வளாகத்துப் புங்கமரத்தடிகளை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பிரியாணிப் பாத்திரமும் முறுக்கு டப்பாவும் திறக்காமல் இருக்கும். பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பென்னாகரத்தில் இருந்தும் ஊத்தங்கரையில் இருந்தும் ரெண்டு பஸ் மாறி வந்த பெற்றோர், பேச வந்ததைப் பேசாமல், ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிய அட்டவணைப்படி அந்த ஞாயிறும் போய்விட்டது.

சரி, படிப்புக்காகத்தானே இதெல்லாம் என்பீர்கள். படிப்பைப் பற்றியே பேசுவோம்.

படித்தது மூளையில் தங்குவது படிக்கும்போது மட்டும் நடக்கிற வேலை இல்லை. பகலில் படித்தது முதலில் மூளையின் ஒரு பகுதியில் தற்காலிகமாகத்தான் பதிகிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கப்பட்டு, நீண்ட நாள் நினைவாக இடம் மாறுகிறது. இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கி எழுந்தபோது நினைவில் இருந்தது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது இருந்ததைவிட அதிகம். நூறு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இதை விளக்கமாக்கினவே தவிர மறுக்கவில்லை. இரவின் முன்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலைப் பகுதியில் கனவுத் தூக்கம் அதிகம். மனசைச் சமநிலைப்படுத்துவதிலும், படித்த ஒன்றை இன்னொன்றோடு கோத்துப் பார்ப்பதிலும் அந்தக் கனவுத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. நாலு மணி விசில் அதைத்தான் முதலில் வெட்டுகிறது. உயிரியலும் வேதியியலும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அது உள்ளே இறங்கும் நேரத்தில் பிள்ளையை உலுக்கி எழுப்புகிறீர்கள்.

இன்னொன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003-இல் வெளிவந்த ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டு வாரம் ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்க வைத்துச் சோதித்தார்கள். கவனமும் வேகமும் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் ஓரிரு இரவு கண் மூடாமலே இருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டன. இதில் என்னை அதிர வைத்த விஷயம் வேறு. தங்கள் திறமை இவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'முதல் வாரம்தான் கஷ்டம்மா, அப்புறம் பழகிடும்' என்று உங்கள் வார்டன்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. தூக்கம் இல்லாததற்கு உடம்பு பழகுவதில்லை. கஷ்டத்தைச் சொல்வதை மட்டும் பிள்ளை நிறுத்திவிடுகிறது.

1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனையை உங்கள் இயற்பியல் ஆசிரியர்களிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லலாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 4 மணிக்கு எழுந்த பிள்ளைக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது? இரவு 9 மணிக்கு. அந்த நிலையில் ஒருவர் தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டி வந்தால் போலீஸ் ஓரம் கட்டும். உங்கள் விடுதியில் அந்த நிலையில்தான் தொகைநுண்கணிதம் ஆரம்பிக்கிறது, அதுவும் இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது என் தொழில். விடுதியில் ஒருத்திக்குச் சளி பிடித்தால் அறை முழுக்கப் படுத்துவிடும், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறை சொல்வோம். 2015-இல் வந்த ஓர் ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி வைத்து அளந்துவிட்டு, எல்லோர் மூக்கிலும் சளிக் கிருமியைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-இல், நல்ல ஆரோக்கியமான இளைஞர்களை ஆறே இரவு, இரவுக்கு 4 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் வயதானவர்களுடையது போல் ஆகிவிட்டது. உங்கள் புதிய அட்டவணையும் அதே 4 மணி நேரம்தான், ஆனால் மாதக்கணக்கில். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தால் பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் குழம்பி, கண்டதைத் தின்னத் தோன்றும். எடை ஏறும், இல்லையென்றால் சாப்பாடே பிடிக்காமல் போகும். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று விடுமுறைக்கு வரும் பெண்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்பது உண்டு. எல்லாவற்றுக்கும் தூக்கம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மணிக்குப் படுக்கிறே?' என்பதுதான்.

மனசு இன்னும் முக்கியம். தூக்கம் கெட்ட பிள்ளைக்குச் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். ரிவிஷன் டெஸ்டில் நாலு மார்க் குறைந்தால் உலகமே முடிந்துவிட்டது போல இருக்கும். எரிச்சல், அழுகை, யாரிடமும் பேசாமல் இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் தூக்கக் குறைவோடு சேர்ந்தே வருபவை. தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வெளியூரில் இருந்து பேச்சாளரைக் கூட்டி வருகிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்களைத் தூங்க விட்டிருந்தால் அதைவிடப் பலன் இருந்திருக்கும்.

பிள்ளைகள் சோம்பேறிகள், ராத்திரி சீக்கிரம் படுத்தாலும் தூங்குவதில்லை என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பாதி உண்மை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். பருவம் எய்தும் வயதில் அந்தக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் அவர்கள் இரவில் தாமதமாகத் தூங்கி, காலையில் தாமதமாக எழுவது இயற்கை. உங்களுக்கும் எனக்கும் நாலு மணி என்பது விடியற்காலை. பதினேழு வயதுக்காரிக்கு அது நடுச்சாமம். இதைத் தெரிந்துகொண்டுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-இல், பெரிய வகுப்புகளை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. கலிஃபோர்னியாவில் அது சட்டமாகி 2022-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சியாட்டில் நகரத்தில் 2016-இல் பள்ளி நேரத்தை 7.50-இல் இருந்து 8.45-க்கு மாற்றியதில், பிள்ளைகள் கூடுதலாக 34 நிமிஷம் தூங்கினார்கள், மதிப்பெண்ணும் நாலரை சதவீதம் ஏறியது. மதிப்பெண் ஏறியது என்பதை இன்னொரு தடவை படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதினேன்.

'எங்க தாத்தா பாட்டியெல்லாம் கோழி கூவும்போது எழுந்தவங்கதானே' என்று ஆண்டுவிழா மேடையில் பேசுகிறீர்கள். என் பாட்டியும் அப்படித்தான். ஆனால் அவள் எப்போது படுத்தாள்? பொழுது சாய்ந்ததும் களியும் கீரையும் தின்றுவிட்டு, விளக்கில் எண்ணெய் வீணாகாமல் எட்டு மணிக்குள் படுத்துவிடுவாள். எட்டில் இருந்து நாலு வரை எட்டு மணி நேரம். நீங்கள் அவளுடைய நாலு மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டு மணியை விட்டுவிட்டீர்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பிளஸ் டூ சேராமல் என் மகள் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். 14 வயதுக்கு மேல் 18-க்குள் இருப்பவர்களை இரவு 7 மணியில் இருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது 1986-இன் குழந்தை, வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம். இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, வாரம் ஒரு நாள் முழு விடுமுறை தர வேண்டும் என்றும் சொல்கிறது. படிப்பு வேலை இல்லை, அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மளிகைக் கடைக்காரருக்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லையை நாங்கள் காசு கட்டிப் படிக்கவைக்கும் இடத்தில் எதிர்பார்ப்பது தப்பா? 2011-இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் எழுப்பிக் கலைத்த வழக்கில், தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அதுவும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. 18 வயது ஆகாததால் அந்த உரிமை குறைந்துவிடாது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். பெற்றோரே கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள்தான். 'எத்தனை மணி வரைக்கும் சார் படிக்க வைப்பீங்க?' என்று அட்மிஷன் அன்றைக்கே கேட்கும் அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் 'ஒரு ஊசி போட்டு அனுப்புங்க' என்று கேட்பவர்களும் தினம் வருகிறார்கள். தேவை இல்லை என்றால் நாங்கள் போடுவதில்லை, விளக்கிச் சொல்லி அனுப்புகிறோம். கல்வி உங்கள் தொழில் என்றால் விளக்கிச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

வீட்டில் இருந்தால் மட்டும் தூங்கவா போகிறார்கள், ராத்திரி ஒரு மணி வரை போனைத்தானே நோண்டுகிறார்கள் என்பீர்கள். உண்மை, இதை மறுக்க எனக்கு வழியே இல்லை. ஆனால் உங்கள் விடுதியில் போன் கிடையாது, டிவி கிடையாது, விளக்கு சுவிட்ச் உங்கள் கையில். ஒரு பிள்ளை நேரத்துக்குத் தூங்கி எழுவதற்கு இந்த இரண்டு மாவட்டத்திலும் இதைவிட வசதியான இடம் இல்லை. எங்களால் முடியாத பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு விளக்கை அணைத்தால் போதும்.

பக்கத்துப் பள்ளி மூன்றரைக்கு எழுப்புகிறது, நாங்கள் ஆறுக்கு எழுப்பினால் அட்மிஷன் என்ன ஆவது? உங்களுடைய உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை ஒரு பள்ளிக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். தருமபுரி பஸ் நிலையத்தில் தனியார் பஸ்கள் டைமிங்குக்கு அடித்துக்கொள்வது போலத்தான் இது. ஒருவர் மட்டும் மெதுவாகப் போனால் அவருக்கு ஆள் ஏறாது, எல்லோரும் உட்கார்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. 2017-இலேயே பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. உங்கள் ஃபிளெக்ஸ் போர்டுகள்தான் இன்னும் நிற்கவில்லை.

நீங்கள் செய்த நல்லதை நான் மறக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்றது தருமபுரி மாவட்டம். பெண்ணைப் படிக்க வைக்கவே யோசித்த ஊர்களில் இருந்து இன்றைக்கு டாக்டரும் இன்ஜினியரும் வருகிறார்கள், வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் நம் ஊரைத் தேடி வருகிறார்கள். இதில் உங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கூடவே, இரவு ஸ்டடிக்கு உட்காரும் ஆசிரியர்களும் வார்டன்களும் மறுநாள் காலை வகுப்புக்கு எந்தக் கண்ணோடு வருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். வேலை போய்விடும் என்று அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்போது என் கோரிக்கைகள்.

அந்தப் புதிய அட்டவணையைத் திரும்பப் பெற வேண்டும். எல்லா விடுதிகளிலும் இரவு 9.30-க்கு ஸ்டடி முடிய வேண்டும், 10 மணிக்கு விளக்கு அணைய வேண்டும், காலை 6 மணிக்கு முன்னால் விசில் கூடாது. பொதுத்தேர்வு, நீட், ரிவிஷன் எதற்கும் இதில் விலக்கு வேண்டாம். தேர்வுக்கு முந்தின இரவுதான் தூக்கம் அதிகம் தேவைப்படும் இரவு. இந்த நேரத்தை முதல்வர் கையெழுத்தோடு விடுதிச் சுவரில் ஒட்டி, பெற்றோருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

தூங்கி விழும் பிள்ளையை நிற்க வைப்பது, பெஞ்சில் ஏற்றுவது, தண்ணீர் அடிப்பது, எல்லோர் முன்னாலும் கேலி செய்வது இன்றோடு நிற்க வேண்டும். தூங்கி விழுகிற பிள்ளையைப் படுக்க அனுப்புங்கள். அடிக்கடி அப்படி ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ரத்தச்சோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பார்க்காமல் எப்படித் தெரியும்?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தலை சாய்க்க விடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் டீ, காப்பி கொடுக்காதீர்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கேழ்வரகுக் கஞ்சியோ பாலோ கொடுங்கள், நம் மாவட்டத்தில் கேழ்வரகுக்குப் பஞ்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைக்காதீர்கள். வேனில் வந்து போகும் பிள்ளைகளுக்கும், காலை 6 மணிக்கே வீட்டு வாசலில் நிற்க வேண்டாத மாதிரி ஸ்பெஷல் கிளாஸ் நேரத்தை மாற்றுங்கள்.

டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்ற வரியைப் போட்ட பள்ளி, அதே குழுவில் அதை நீக்கியதாக எழுத வேண்டும். தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது பெற்றோரை இப்படி மிரட்டுவது நியாயமே இல்லை.

இந்த மடலின் நகலை இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் அனுப்புகிறேன். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விடுதிகளைச் சோதிக்க வரும்போது கட்டிலையும் கழிப்பறையையும் எண்ணுவதோடு, பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குக் காலை 11 மணிக்கு வராமல் இரவு 11 மணிக்கு ஒரு தடவை வாருங்கள். பெண்கள் விடுதிக்குப் பெண் அலுவலர் வரட்டும்.

ஜனவரியில் விடுதி திறப்பதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போதாது. பதில் வராவிட்டால், இரவு 9.30-க்கு மேலும் காலை 6 மணிக்கு முன்னும் என் மகளைப் படிக்க உட்கார வைக்கச் சம்மதம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு விடுதி திறக்கும் அன்றைக்கே அலுவலகத்தில் கொடுப்பேன், கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்வேன். இதே போல் எழுதிக் கொடுக்க வேறு சில அம்மாக்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் தாய்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.